நூல் அளவு

டூலூத்தில் எங்கள் தெரு ஏரியைப் பார்த்து இறங்குகிறது.
வீடும் கூடவே இறங்கப் பார்க்கிறது,
வருடத்துக்கு ஒரு நூல் அளவு.

அடுப்புக்குப் பின்சுவரில் பதிக்க
நாலங்குல வெள்ளை டைல், ஏழு பெட்டி
வாங்கி வந்தேன்.
"நேராக ஒட்டினால் ஐந்து போதுமே" என்றான் வெண்டெல்.
கணக்கு சரிதான்.
சாய்த்துப் போட்டால் ஓரமெல்லாம் முக்கோணம்,
பாதி சுவருக்கு, பாதி குப்பைக்கு.
நாலங்குலம் சாய்ந்தால் ஐந்தரைக்கு மேல் நீள்கிறது,
குறுக்கே படுத்துத் தூங்குகிறவனைப் போல.
அவனோ துறையில்
கப்பலுக்கு இரும்புத்தாது ஏற்றுகிறவன்.
சிந்துவது அவனுக்கு ஆகாது.

மேடைமேல் ரசமட்டத்தை வைத்தேன்.
குமிழி இடது பக்கம் ஓடி
ஒளிந்துகொண்டது.
"பார், நேராகப் போட்டால்
ஒவ்வொரு வரியும் நம்மைக் காட்டிக்கொடுக்கும்.
எல்லாமே சாய்ந்திருந்தால்
எது கோணல் என்று யார் கேட்பார்கள்?"
அவன் தலையைச் சொறிந்தான்.
சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை பழைய தகட்டைப் பெயர்த்தோம்.
மஞ்சள் ஃபார்மைக்காவுக்குப் பின்னால்
காய்ந்த பசைத் திட்டுகளுக்கு நடுவே
பென்சிலில்
மூலைக்கு மூலை போகும் ஒரு கோடு.
அதை வெட்டிக்கொண்டு இன்னொன்று.
மூன்றாவது பாதியில் நின்றுவிட்டது.
பக்கத்தில் சின்ன எழுத்தில் ஒரு கூட்டல்,
விடைக்குக் கீழே இரண்டு அடிக்கோடு.
அதோடு சரி.

யாரோ ஆசைப்பட்டிருக்கிறார்கள்.
பிறகு விலை விசாரித்திருக்கிறார்கள்.

வெண்டெல் விளக்கை அருகே கொண்டுவந்தான்.
"ஆண் கை" என்றான்.
"ஏழு போட்டிருக்கும் அழகைப் பார், பெண்" என்றேன்.
காப்பி ஆறிப்போகும் வரை அதுதான் சண்டை.

அந்தக் கோட்டிலேயே தொடங்கலாம் என்று தோன்றியது எனக்கு.
மூலைமட்டம் விடவில்லை.
நாற்பத்தைந்துக்கு மூன்று பாகை குறைவு.
அடுப்பின் நடுவுக்கும் பொருந்தவில்லை,
அந்தக் காலத்தில் அடுப்பு வேறெங்காவது இருந்திருக்கும்.
மன்னித்துக்கொள், முகம் தெரியாதவளே
(வெண்டெல் சொல்கிறபடி, முகம் தெரியாதவனே),
தூக்குக்குண்டு விட்டு
என் கோட்டைச் சிவப்பில் போட்டுக்கொண்டேன்.

வெட்டும் மெஷின் கராஜில்.
நவம்பர் மாதம்.
அதன் தொட்டித் தண்ணீரில்
பாலாடை மாதிரி பனிக்கட்டி கட்டுகிறது.
ஒரு முக்கோணத்துக்கு ஒரு நடை,
பின்வாசல், மூன்று படி, ஈரக் கையுறை,
திரும்பி வந்தால் அரை நூல் பெரிது,
மறுபடியும் மூன்று படி.
பிளக் பாயிண்டைச் சுற்றி வெட்டியதில்
நாலு டைல் போயிற்று.
ஐந்தாவது ஒட்டிக்கொண்டது,
ஒரு காது மூளியாக.
டோஸ்டர் மறைத்துக்கொள்ளும்.

பல்கரண்டியால் சாந்தை இழுத்துக்கொண்டே போனேன்.
பென்சில் கோடுகள் ஒவ்வொன்றாக உள்ளே போயின.
கூட்டலை மட்டும் கடைசிவரை விட்டுவைத்திருந்தேன்,
ஏனென்று கேட்டால் தெரியாது.
பிறகு அதன்மேலும் ஒன்று அழுத்தினேன்,
எங்கும் வெட்டாத
முழு டைல்.

ஆறு பெட்டி தீர்ந்து ஏழாவதில் பாதி.
மிச்சத்தை இரண்டு முறை எண்ணிவிட்டு
தொட்டிக்குக் கீழே அடுக்கினான் வெண்டெல்.
ஒன்றும் சொல்லவில்லை.
கிரௌட் காய மூன்று நாள்.
அதுவரை டப்பாவில் வந்த சூப்பை
ஹாலில் உட்கார்ந்து குடித்தோம்.

புதன், விடியாத வேளை.
வேலைக்குக் கிளம்புகிறவன்
தண்ணீர் குடிக்க வந்து விளக்கைப் போடுகிறான்.
தம்ளரை நிறைத்து மேடையில் வைத்துவிட்டு
சுவரையே பார்த்துக்கொண்டு நிற்கிறான்.
அவன் தலை மெல்ல மெல்ல
வலது தோள் பக்கம் சாய்கிறது.

ஒரு வாய்கூடக் குடிக்காத தண்ணீர்
தம்ளரின் ஏரிப் பக்க விளிம்பில்
ஒரு நூல் அதிகமாக ஏறி நிற்கிறது.